ஆர்15 மூன்றாம் பதிப்பு: யுஎஸ்டி ஃபோர்க் மாற்றுவதா, இருக்கும் ஃபோர்க்கைச் சீர்செய்வதா?

பொதிகைச்சாரல் (பாளையங்கோட்டை):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2019ஆம் ஆண்டு வாங்கிய யமஹா ஆர்15 மூன்றாம் பதிப்பு. இரண்டு சக்கரங்களுக்கும் ஏபிஎஸ் உண்டு. வேலைநாட்களில் கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு நெடுஞ்சாலையில் போய்வருகிறேன். விடுமுறை வந்தால் பாபநாசம், காரையார் பக்கமோ, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு பக்கமோ நண்பர்களோடு கிளம்பிவிடுவது வழக்கம். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு பயிற்சி நாளிலாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் நெடுநாளாக இருக்கிறது.

கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்கும் எஸ் வளைவில் முன் பிரேக்கைச் சற்று அழுத்திப் பிடித்தாலே வண்டியின் மூக்கு குத்திக்கொண்டு இறங்குகிறது. வளைவுக்குள் திரும்பும்போது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஏற்கெனவே அடிமட்டத்தை நெருங்கிவிடுவதால், அங்கே ஒரு சிறு பள்ளம் வந்தாலும் உள்ளே முட்டும் சத்தம் கேட்கிறது. ஆனால் எனக்குப் பிடிபடாதது வேறொன்று. பிரேக்கின்போது இவ்வளவு இளகிப்போகும் அதே ஃபோர்க், வாய்க்கால் பாலத்து விளிம்பிலும் உடைந்த தார் ஓரத்திலும் ஏறும்போது மட்டும் இறுகிக்கொண்டு மணிக்கட்டில் அடிக்கிறது. ஆயில் மாற்றியாயிற்று, சீலும் புதிது. இரண்டு குறைகளும் அப்படியேதான் இருக்கின்றன. என் எடை 84 கிலோ என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பின்பக்கம் நசுங்கிப்போன நான்காம் பதிப்பு வண்டி ஒன்றின் யுஎஸ்டி (குழாய்கள் தலைகீழாக நிற்கும்) ஃபோர்க்கை டி-ஸ்டெம் (ஃபோர்க்கைக் கவ்வி வண்டியோடு இணைக்கும் பகுதி), ஆக்சில், மட்கார்டு ஆகியவற்றோடு சேர்த்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். அவர் கேட்கும் விலை என் ஒரு மாதச் சம்பளத்தை நெருங்குகிறது. இந்தோனேசியாவில் இதே மூன்றாம் பதிப்பு யுஎஸ்டி ஃபோர்க்கோடுதான் விற்பனையானது என்பதால், நம் வண்டிக்கும் அது பொருந்திவிடும் என்று நண்பர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். அதை வாங்கி மாட்டினால் என் இரண்டு குறைகளும் தீருமா, அல்லது இருக்கும் ஃபோர்க்கின் உள்ளே வேலை செய்வதே போதுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

லேத் அண்ணாச்சி (வண்ணார்பேட்டை):

தம்பி, நீங்கள் எழுதிய இரண்டு குறைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. டாம்பர் ராடு வகை ஃபோர்க்கின் பிறவிக் குணமே அதுதான். உள்ளே ஆயிலில் நிற்கும் குழாயில் சில துளைகள் இருக்கும். ஃபோர்க் அமுங்கும்போது ஆயில் அவற்றின் வழியாகத்தான் பிதுங்கிச் செல்ல வேண்டும். துளையின் அளவு மாறாது என்பதால், அமுங்கும் வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடுகிறது. சிரிஞ்சை மெல்ல அழுத்தினால் மருந்து சுகமாக இறங்குவதும், வேகமாக அழுத்தினால் கட்டைவிரல் நோவதும் இதே கணக்குதான். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் மூக்கு மெதுவாகத்தான் இறங்குகிறது. அந்த வேகத்தில் துளைகள் தடுப்பது மிகக் குறைவு, சுமை முழுவதும் ஸ்பிரிங் மேல் விழுகிறது. பாலத்து விளிம்பில் மோதும்போதோ வேகம் பல மடங்கு கூடுகிறது, ஆயில் விலகிச் செல்ல நேரமில்லாமல் ஃபோர்க் பூட்டிக்கொள்கிறது. கனத்த ஆயில் ஊற்றினால் முதல் குறை கொஞ்சம் தணியும், இரண்டாவது குறை கூடும். மெல்லிய ஆயில் ஊற்றினால் நேர் எதிராக நடக்கும். ஆயிலை மட்டும் மாற்றியும் ஏன் தீரவில்லை என்பதற்கு விடை இதுதான்.

இனி யுஎஸ்டி என்ன தரும் என்று பார்ப்போம். சாதாரண ஃபோர்க்கில் மெல்லிய குழாயை டி-ஸ்டெம் கவ்வுகிறது. யுஎஸ்டியில் தடித்த வெளிக்குழாயை மேலே கவ்வுகிறது. பிரேக்கின்போது ஃபோர்க்கைப் பின்னோக்கி வளைக்கும் விசை டி-ஸ்டெம்மின் அடியில்தான் உச்சத்தில் இருக்கும், அந்த இடத்தில் பெரிய விட்டம் நிற்பதால் வளைவு குறைகிறது. உங்கள் ஃபோர்க் 41 மி.மீ., நான்காம் பதிப்பின் ஃபோர்க் 37 மி.மீ. என்பதைப் பார்த்துவிட்டு, புதியது மெலிந்துபோயிற்றே என்று சிலர் குழம்புகிறார்கள். 37 என்பது உள்ளே ஏறி இறங்கும் குழாயின் அளவு. டி-ஸ்டெம் கவ்வுவது அதைவிடத் தடித்த வெளிக்குழாயை. ஆக, விறைப்பு கூடும் என்பது மெய்தான். ஆனால் நீங்கள் விறைப்புக் குறைவாக இருக்கிறது என்று கேட்கவில்லையே! மூக்கு குத்துவது ஸ்பிரிங்கின் குறை, மணிக்கட்டில் அடிப்பது டாம்பிங்கின், அதாவது ஆயில் தரும் தடுப்பின் குறை. தலைகீழாக நிற்பதாலேயே ஒரு ஃபோர்க்குக்குள் கார்ட்ரிட்ஜ் (துளைகளுக்குப் பதில் வால்வுகளால் ஆயிலைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) வந்துவிடாது. நான்காம் பதிப்பின் ஃபோர்க்கில் திருகிச் சரிசெய்ய ஒரு ஸ்குரூகூடக் கிடையாது. அதே காலத்தில் ஓசூரிலிருந்து வந்த அப்பாச்சி ஆர்ஆர் 310 வண்டிக்கு, கூடுதல் பணம் கொடுத்தால் டாம்பிங்கையும் பிரீலோடையும் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) திருகி மாற்றத்தக்க கேஒய்பி ஃபோர்க் கிடைத்தது. மேம்படுத்தல் என்று சொன்னால் நான் அப்படிப்பட்டதைத்தான் ஒத்துக்கொள்வேன்.

பணத்தை எடுப்பதற்கு முன்னால் அளவெடுங்கள். வலப்பக்கக் குழாயில், சீலுக்கு ஒட்டி ஒரு நைலான் டை கட்டுங்கள். இரண்டு பேர் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிடட்டும், அப்போது சீலிலிருந்து மேல்நோக்கி ஓர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி தன் எடையில் மட்டும் நிற்கும்போது ஓர் அளவு, ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டு நீங்கள் ஏறி உட்கார்ந்திருக்கும்போது ஓர் அளவு. முதல் அளவிலிருந்து மற்ற இரண்டையும் தனித்தனியாகக் கழித்தால் கிடைப்பதுதான் சேக், அதாவது எடையால் ஃபோர்க் இறங்கும் அளவு. சுமார் 130 மி.மீ. பயணம் உள்ள ஃபோர்க்கில், ஆள் உட்கார்ந்த நிலையில் 35 முதல் 40 மி.மீ. வரை இருந்தால் சாலைக்கு நல்லது. அதோடு, முன்சக்கரத்தை வீட்டுத் தராசின் மேல் ஏற்றி, பின்சக்கரத்துக்கு அதே உயரத்தில் பலகை கொடுத்து, நீங்கள் இல்லாமலும் உட்கார்ந்தும் எத்தனை கிலோ காட்டுகிறது என்று குறித்துவாருங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

ஒன்றை இப்போதே எச்சரித்து வைக்கிறேன். ஸ்பிரிங் மேல் வாஷர் போட்டு 'டைட்' செய்து தருவதாக யாராவது சொன்னால், அது ஸ்பிரிங்கை விறைப்பாக்காது. பிரீலோடு கூடி வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்து நிற்கும், அவ்வளவுதான்.

காற்றாலை நிழல் (வள்ளியூர்):

அண்ணாச்சி சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நான் மாற்றிவிட்டு மனநிறைவோடு ஓட்டிக்கொண்டிருப்பவன் என்பதால் மறுபக்கத்தையும் எழுதுகிறேன். கரி களத்தில் நேர்பாதை முடிந்து வேகத்தைக் கொன்று வளைவுக்குள் வண்டியைச் சாய்க்கும்போது, பழைய ஃபோர்க்கில் முன்சக்கரம் ஒரு கணம் தயங்கிப் பிறகே ஹேண்டிலுக்குக் கட்டுப்படும். யுஎஸ்டியில் அந்தத் தயக்கம் இல்லை. மூக்கு குத்துவது என்னவோ முழுமையாக நீங்கவில்லை. அண்ணாச்சி சொல்வதுபோல அது ஸ்பிரிங் சங்கதி.

பொருந்திவிடும் என்று வாயால் சொல்பவர்களை நம்பாதீர்கள், வெர்னியர் அளவுகோலை நம்புங்கள். தனி ஃபோர்க்காக வாங்குவது வீண். மேல் கீழ் இரண்டு டி-ஸ்டெம், ஆக்சில், ஸ்பேசர், காலிப்பர், டிஸ்க், ஏபிஎஸ் சென்சார், பிரேக் ஹோஸ் என்று ஒரே வண்டியிலிருந்து மொத்தமாக வாங்கினால்தான் ஒன்றுக்கொன்று உட்காரும். ஸ்டெம்மின் நீளத்தையும், கோன்செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) உட்காரும் இடத்தின் விட்டத்தையும் பழையதோடு ஒப்பிடுங்கள். ஹேண்டில் ஃபோர்க்குழாயைக் கவ்வும் வகை என்பதால், குழாயின் தடிப்பு மாறும்போது அதன் வாயளவும் மாறும். டிஸ்க் காலிப்பரின் நடுவில் ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டு மி.மீ. விலகினாலும் பேட் ஒருபக்கம் தேயும். ஏபிஎஸ் சென்சாருக்கும் பல்வளையத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி கூடினாலோ, வேறு எண்ணிக்கையில் பல் உள்ள வளையத்தை மாட்டினாலோ விளக்கு எரிவதோடு நிற்காது, ஏபிஎஸ் தவறான வேகத்தை நம்பிப் பிரேக்கைத் தளர்த்தும் ஆபத்தும் உண்டு.

விற்பவரிடம் போகும்போது ஃபோர்க்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்குழாயைக் கனமான கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டினால், வளைந்திருக்கும் குழாய்க்கு அடியில் வெளிச்சம் தோன்றி மறையும். குரோம் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் தட்டுகிற புள்ளி சீலைக் கிழித்துவிடும். உவரி, திருச்செந்தூர் பக்கம் கடற்கரையோரம் ஓடிய வண்டி என்றால் இதை இரண்டு தடவை பாருங்கள், உப்புக்காற்று குரோமை மணல் மணலாகத் தின்றிருக்கும். யுஎஸ்டியில் சீல் கீழ்நோக்கி இருப்பதால், அது கிழிந்தால் ஆயில் நேராகக் காலிப்பரை நோக்கி வழியும். முன் பிரேக் இல்லாமல் மலை இறங்க நேரிடும் என்பதை மறக்க வேண்டாம். பில் இல்லாத சரக்கைத் தொடாதீர்கள்.

மாட்டி முடித்த பிறகு நான் செய்த ஒரு சோதனை எல்லாருக்கும் பயன்படும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டு, ஃபோர்க்கை அடிவரை அமுக்கி, டயருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே விரல் நுழைகிறதா, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பினால் குழாய் ஃபேரிங்கில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு வேலை செய்து தந்த பட்டறையில் இதைப் பார்க்காமலேயே வண்டியைத் தந்தார்கள். வீட்டில் திருப்பிப் பார்த்தபோது ஹேண்டிலில் என் பெருவிரல் டேங்கோடு நசுங்கியது.

கறுப்புக்கோட்டு (தென்காசி):

இயந்திரத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, சட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றி மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஃபோர்க்கைப் பார்த்து வழியில் நிறுத்துவார்களா என்பது வேறு விஷயம். விபத்து நேர்ந்து காப்பீட்டுக்காரர் வண்டியைப் பார்வையிட வரும்போதுதான் இது தலைதூக்கும். ஆகவே எதைச் செய்தாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். பழைய ஃபோர்க்கை விற்றுவிடாமல் வைத்திருப்பதும் நல்லது. வெளியிலுள்ள அமைப்பு அப்படியே இருக்க, உள்ளே ஸ்பிரிங்கை மாற்றுவதில் இந்தச் சங்கடம் மிகவும் குறைவு என்பது என் கருத்து.

பொதிகைச்சாரல்:

மூவருக்கும் மிக்க நன்றி. தம்பியையும் பக்கத்து வீட்டு அண்ணனையும் துணைக்கு வைத்துக்கொண்டு அளந்துவிட்டேன். வண்டி தனியாக நிற்கும்போது சேக் 24 மி.மீ., நான் உட்கார்ந்தால் 52 மி.மீ. தராசில் நான் ஏறியதும் முன்சக்கரத்தின் எடை 41 கிலோ கூடியது. அண்ணாச்சி சொன்ன 40ஐ நான் வெகுவாகத் தாண்டிவிட்டேன் என்பது தெரிகிறது. ஆனால் பிரீலோடைக் கூட்டி 52ஐ 38க்குக் கொண்டுவந்தால் போதாதா? வாஷர் வேண்டாம் என்று சொன்னதன் காரணம் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

லேத் அண்ணாச்சி:

அளவு அருமை, தம்பி. தராசு எதற்கு என்பதை இப்போது சொல்லலாம். நீங்கள் உட்கார்ந்ததும் 41 கிலோ கூடியது, ஃபோர்க் 28 மி.மீ. இறங்கியது. 41ஐ 28ஆல் வகுத்தால், இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரு மி.மீ.க்கு ஏறக்குறைய 1.46 கிலோ தாங்குகின்றன. ஒன்றுக்கு 0.73. ஃபோர்க்கின் சாய்வையும் சீலின் உராய்வையும் இதில் கணக்கில் எடுக்கவில்லை என்றாலும், பட்டறை வேலைக்கு இது போதும். உங்கள் எடைக்கு 0.85 அளவில் ஸ்பிரிங் வேண்டும்.

பிரீலோடை மட்டும் 14 மி.மீ. கூட்டினால் நீங்கள் உட்கார்ந்த அளவு 38க்கு வரும், ஆனால் தனியாக நிற்கும் அளவு 24லிருந்து 10க்குப் போய்விடும். சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தொடர்ந்து பிடிக்க மேல்பக்கத்தில் இடமே இருக்காது. பிரேக் பிடிக்கும்போதோ, 14 மி.மீ. உயரத்திலிருந்து தொடங்கினாலும், அதே 0.73 ஸ்பிரிங் ஒவ்வொரு கிலோவுக்கும் முன்போலவேதான் இறங்கும். 0.85 போட்டால் அதே சுமைக்கு இறக்கம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைகிறது. புளியரை வளைவில் நீங்கள் உணரப்போகும் வேறுபாடு அதுதான்.

கோயம்புத்தூரில் அளவு கொடுத்தால் ஸ்பிரிங் சுற்றித் தரும் பட்டறைகள் உண்டு. பழைய ஸ்பிரிங்கையே மாதிரியாக அனுப்புங்கள். விறைப்பு என்பது கம்பித் தடிப்பின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், கம்பி நூற்றுக்கு நான்கு பங்கு தடித்தாலே விறைப்பு பதினேழு பங்கு கூடி உங்கள் கணக்குக்கு வந்துவிடும். பழைய ஸ்பிரிங்கில் சில சுற்றுகளை அறுத்துவிட்டு, குறைந்த நீளத்துக்குக் குழாய்த் துண்டு கொடுப்பதும் கணக்குப்படி சரியானதே. ஆனால் கிரைண்டரில் அறுத்துச் சூடேற்றிவிட்டு, அறுத்த முனையைத் தட்டையாக்காமல் மாட்டும் பட்டறைகளையே அதிகம் பார்க்கிறேன்.

ஆயில் அளவை மில்லியில் ஊற்றி விட்டுவிடாதீர்கள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை அடிவரை அமுக்கி, குழாயின் வாயிலிருந்து ஆயில் மட்டம் வரை ஸ்கேலை இறக்கி அளக்க வேண்டும். இரண்டு காலிலும் அந்த அளவு ஒன்றாக இருக்க வேண்டும். பாட்டிலில் 10 டபிள்யூ என்று போட்டிருப்பதை நம்ப முடியாது, கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (ஆயிலின் கனத்தை அளக்கும் அலகு) என்று பின்பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வண்டியில் மாட்டிய பிறகு ஆக்சிலைக் கவ்வும் போல்ட்டை இறுக்காமல் விட்டு, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை ஏழெட்டு முறை அமுக்கி எடுங்கள். இரண்டு காலும் தாமாக இணையாக நின்ற பிறகே இறுக்க வேண்டும். பாலத்து விளிம்பில் அடிப்பதாகச் சொல்கிறீர்களே, அதில் ஒரு பங்கு இந்தக் கோணலாகவும் இருக்கலாம்.

மீதிப் பங்குக்கு எமுலேட்டர் இருக்கிறது. ரேஸ் டெக் போன்ற நிறுவனங்கள் செய்வது அது. டாம்பர் ராடின் தலையில் உட்காரும் ஒரு சிறு வால்வு, சக்கரம் வேகமாக இடிபடும்போது திறந்து ஆயிலுக்கு வழிவிடும். பழைய துளைகளைப் பெரிதாக்கிச் செயலிழக்கச் செய்துவிட்டு, அமுங்கும்போது தடுக்கும் வேலை முழுவதையும் அந்த வால்விடம் கொடுப்பார்கள். மீளும்போதுள்ள டாம்பிங் மட்டும் ஆயிலின் கனத்தைப் பொறுத்தே இருக்கும். துளையைப் பெரிதாக்கிய ராடு பழைய நிலைக்குத் திரும்பாது என்பதால், அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வள்ளியூர்த் தம்பிக்கும் ஒரு கேள்வி. மாற்றியபோது ஃபோர்க்கை டி-ஸ்டெம்முக்கு மேலே எவ்வளவு தூக்கி வைத்தீர்கள்? தூக்கத் தூக்க முன்பக்கம் தாழும். இந்த வண்டியின் வீல்பேஸ் (இரண்டு சக்கர நடுக்களுக்கும் இடையிலுள்ள தூரம்) 1325 மி.மீ. முன்பக்கம் 23 மி.மீ. இறங்கினால் ரேக் (ஸ்டீரிங் அச்சின் சாய்கோணம்) ஒரு டிகிரி நிமிர்ந்துவிடும், டிரெயில் (அந்த அச்சை நீட்டினால் தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தொடும் புள்ளிக்கும் உள்ள இடைவெளி) சுமார் 6 மி.மீ. குறையும். ஆடிக் காற்றில் முப்பந்தல் பக்கம் அது ஹேண்டிலில் தெரியும்.

காற்றாலை நிழல் (வள்ளியூர்):

பழைய ஃபோர்க்கில் ஆக்சில் நடுவிலிருந்து கீழ் டி-ஸ்டெம் வரை எவ்வளவு இருந்ததோ, அதே அளவுக்கு யுஎஸ்டியையும் நிறுத்தினேன், அண்ணாச்சி. மேலே எவ்வளவு தூக்கி நிற்கிறது என்பதைப் பார்க்கவே இல்லை. நீளமே வேறு என்பதால் அந்த அளவை ஒப்பிட்டுப் பயனில்லை. ஆனால் புதிய டி-ஸ்டெம்மின் ஆஃப்செட்டை (ஸ்டீரிங் அச்சுக்கும் ஃபோர்க் குழாய்களுக்கும் உள்ள தூரம்) நான் அளக்கவில்லை. அது குறைந்திருந்தால் டிரெயில் கூடியிருக்கும், கூடியிருந்தால் குறைந்திருக்கும். ஆரல்வாய்மொழிக் காற்றில் இதுவரை பதற்றம் தெரியவில்லை. இந்த வாரம் ஸ்டெம்மைக் கழற்றும் வேலை இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து இங்கேயே எழுதுகிறேன்.